மைனி தைத்த விமானம்

மைனியின் வீட்டுக்காரர் இறந்த செய்தியைக் கொண்டுவந்தது விமானக் கம்பெனி ஜீப்பின் டிரைவர். தாராவியில் எங்கள் சந்துக்குள் ஜீப் நுழையாது. தோல் கிடங்குப் பக்கம் வண்டியை விட்டுவிட்டு, எதிரே வந்தவர்களிடமெல்லாம் "ஹவாய் ஜஹாஜ்வாலா மிஸ்திரி கா கர் கிதர் ஹை?" என்று விமான மெக்கானிக்கின் வீட்டை விசாரித்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறார். குழாயடியிலிருந்து குடத்தோடு திரும்பிக்கொண்டிருந்த மைனி, "ஆவோ, ஆவோ" என்று அவருக்கு முன்னால் நடந்தாள். ஏதோ அவசர டியூட்டிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தாளாம். வாசலில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அவர் இன்னும் வரவில்லை, என்ன விஷயம் என்று இந்தியில் கேட்டாள். வழி காட்டியவள் யார் என்று டிரைவருக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கதவுக்குள் நின்ற என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மைனி என் வீட்டுக்காரரின் அக்கா. பரண் போட்ட ஓர் அறையில் இரண்டு குடும்பமும் இருந்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்துப் பட்டறையில் வெல்டர். மைனியின் புருஷனை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் சாந்தாகுரூஸில் ஒரு விமானக் கம்பெனியில் எஞ்சின் மெக்கானிக். வேலை விட்டு வந்ததும் கையை மண்ணெண்ணெயால் துடைத்து, சோப்புப் போட்டு, அரப்புத் தூள் போட்டு, பிறகு விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் நான் கேட்டதற்காகத் தட்டில் வடகத்தை வட்டமாக அடுக்கி, நடுவில் ஒரு நெல்லிக்காயை வைத்து, "இதான் நம்ம எஞ்சின். வடகமெல்லாம் சிலிண்டர். நெல்லிக்கா சுத்துனா காத்தாடி சுத்தும்" என்றார். மைனி அந்த எஞ்சினிலிருந்து ஒரு சிலிண்டரை எடுத்துத் தின்றுவிட்டாள். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சரக்கு ஏற்றிப் போகும் டகோட்டா விமானங்களில் சில சமயம் மெக்கானிக்கும் கூடவே போக வேண்டும். அன்றைக்கு அவர் அப்படித்தான் போயிருந்தார். பம்பாய்க்கு வெளியே கல்யாண் என்ற ஊரைத் தாண்டியதும் ஓர் எஞ்சின் நின்றுவிட்டது. ஏற்றியிருந்த பாரம் அதிகம். மற்ற எஞ்சினால் தாங்க முடியவில்லை. பைலட் விமானத்தை ஒரு வயலில் வயிற்றால் தேய்த்து இறக்கினார். முன்னால் இருந்த பைலட்டுகள் இருவரும் சிராய்ப்புகளோடு வெளியே வந்தார்கள். பின்னால் இருந்த அண்ணன் மேல் மெஷின் சாமான் பெட்டிகள் வந்து விழுந்தன.

விசாரணை நடந்தது. எஞ்சின் எண்ணெய்த் தொட்டியின் மூடி சரியாகப் பூட்டப்படவில்லை, பறக்கும்போது எண்ணெய் முழுக்க வெளியே இழுபட்டு எஞ்சின் இறுகிவிட்டது, மூடியைப் பார்க்க வேண்டிய பொறுப்பு மெக்கானிக்குடையது என்று முடிவு சொன்னார்கள். என் வீட்டுக்காரர் கம்பெனி ஆபீசுக்குப் போய், "அம்புட்டு பாரம் ஏத்துனது யாரு? அத யாரும் கேக்க மாட்டியளா?" என்று கத்திவிட்டு வந்தார். எங்கள் சந்திலேயே ஒருத்தி, "தான் போனதுமில்லாம அந்த ரெண்டு பேருக்கும்லா ஒல வைக்கப் பாத்திருக்காரு" என்று குழாயடியில் சொன்னாள். மைனி வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தன் முறை வரும்வரை நின்று, தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பிள்ளை இல்லை. ஊருக்குப் போகவும் அவளுக்கு விருப்பமில்லை. எங்களோடேயே இருந்தாள். நான் மாட்டுங்கா வீடுகளுக்கு ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூட யூனிபார்ம் எல்லாம் தைத்துக் கொடுப்பேன். மிஷினில் நான் ஓட்டுவேன். மடிப்புத் தைப்பது, ஹூக் வைப்பது, காஜா எடுப்பது எல்லாம் மைனி. அவள் கைத்தையல் அவ்வளவு ஒழுங்காக இருக்கும். தைக்கும்போது மட்டும் அவள் முகத்தில் இறுக்கம் குறையும். மற்ற நேரங்களில் அவள் யாரோடும் சண்டை போட்டதில்லை, யாரோடும் பேசியதுமில்லை.

இப்படிச் சில வருஷம் போனது. ஒருநாள் காலையில் சயான் பக்கம் விமானம் போகிறது, விமானம் ரோட்டில் போகிறது என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நானும் மைனியும் போய் நின்றோம். சிறகெல்லாம் கழற்றிய ஒரு விமானத்தின் உடம்பு, நீளமான லாரியில் கயிறு போட்டுக் கட்டப்பட்டு, சயான் முனையைத் திரும்ப முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் விசில் ஊதினார். பஸ்கள் எல்லாம் நின்றுவிட்டன. பக்கத்தில் நின்ற இட்லிக்காரம்மா, "சிறகப் பிச்ச கோழி மாதிரில்லா இருக்கு" என்றாள். மைனி சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்ததால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அது எங்கே போகிறது என்பது அடுத்த மாதம் தெரிந்தது. நான் துணி தைத்துக் கொடுக்கும் ஒரு மாட்டுங்கா வீட்டு அம்மாவின் கணவர், பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். செம்பூரில் பழைய விமானங்களை மக்கள் பார்ப்பதற்காக ஒரு காட்சிக்கூடம் தொடங்குகிறார்கள் என்றும், அவர்தான் அதற்குச் செயலாளர் என்றும் அந்த அம்மா சொன்னார். "கெட்டியா கைத்தையல் போடற பொம்மனாட்டிகள் ரெண்டு பேர் வேணுமாம். விமானத்துக்குத் துணி தைக்கணுமாம். கேட்டேளா கூத்த!" என்று அவரே சிரித்தார்.

மைனியிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். விமானம் என்ற வார்த்தையே எங்கள் வீட்டில் பேசுவதில்லை. அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அவுக வேல பாத்த எடம் எப்பிடி இருக்கும்னு நான் பாத்ததே இல்லட்டி. போவோம்" என்றாள்.

செம்பூரில் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஆலைச் சுவரை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். பெரிய தகரக் கொட்டகை. உள்ளே அந்த டகோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு, வாலைத் தரையில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்த நாய் போல இருந்தது. சிறகுகளை மறுபடி பூட்டியிருந்தார்கள். ஓர் எஞ்சினின் மூடுதகட்டைக் கழற்றி, சிலிண்டர்கள் வெளியே தெரியும்படி வைத்திருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துத் துடைத்து அவை பளபளவென்று இருந்தன. வட்டமாக அடுக்கிய வடகங்கள். நான் மைனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை.

வேலையைக் கவனித்தவர் ஒரு மராத்திக்காரர். வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெறும் வயதில் இங்கே வந்தவர். எங்களைப் 'பாயி', அதாவது அம்மா, என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். விமானத்தின் உடம்பெல்லாம் அலுமினியத் தகடு, ஆனால் திசை திருப்புவதற்காக வாலில் நிற்கும் பெரிய பலகையும் இன்னும் சில அசையும் பாகங்களும் வெறும் சட்டத்தின் மேல் துணி போர்த்தியவை என்று அவர் இந்தியில் விளக்கினார். பழைய துணி இற்றுப்போயிருந்தது. புதுத் துணியைப் போர்த்தி, சட்டத்தோடு சேர்த்துத் தைத்து, அதன் மேல் ஒருவித வார்னிஷ் அடித்தால் துணி மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். அந்த வார்னிஷ் வாடையில், தோல் கிடங்குப் பக்கம் குடியிருந்த எங்களுக்கே தலை சுற்றியது.

வால் பலகையைக் கழற்றி இரண்டு முக்காலிகளுக்கு நடுவே செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மைனி. நீளமான ஊசி. நான் குத்தித் தள்ளினால் அவள் பக்கம் வரும். அவள் நூலை இழுத்து முடிச்சிட்டு, திருப்பிக் குத்தினால் என் பக்கம் வரும். துணி நடுவில் இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஊசி வருகிற வேகத்தை வைத்துத்தான் அவள் மனநிலையை நான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் சில நாள் ஊசி சுறுசுறுப்பாக வந்தது. ஏதோ ஒரு பாட்டைக்கூட முனகினாள்.

ஒருநாள் மத்தியானம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, சூப்பர்வைசர் எங்கள் தையலைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார். பேச்சுவாக்கில், இந்த விமானத்தைச் சரிசெய்வதில் வயிற்றுப் பக்கம்தான் பெரிய வேலையாகப் போனது என்றார். ஏன் என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"இது கல்யாணுக்கு அந்தப் பக்கம் வயலில் விழுந்த விமானம், பாயி. வயிற்றுத் தகடு முழுக்கப் புதிது. கம்பெனி இதை மறுபடி பறக்க விடவில்லை, புல்லில் போட்டு வைத்திருந்தது. ஒரு மெக்கானிக் இறந்துபோனான். உங்கள் ஊர்க்காரன்தான், மதராசி" என்றார்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. சொல்லிவிட்டு டீ டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அனுப்பியிருந்த ஊசி அந்தப் பக்கம் இருந்தது. அது திரும்பி வரவில்லை. கொட்டகைக்கு மேலே காக்காய்கள் தகரத்தில் நடக்கிற சத்தம் கேட்டது. "மைனி" என்று கூப்பிட்டேன். எழுந்து அந்தப் பக்கம் போகலாமா என்று நினைத்தேன். பிறகு ஊசி வந்தது. அது வர வேண்டிய இடத்தில் சரியாக வந்தது. நான் நூலை இழுத்து முடிச்சிட்டு அனுப்பினேன். சாயங்காலம் வரை அப்படியே தைத்தோம்.

பஸ் நிறுத்தத்தில்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழுத மாதிரி தெரியவில்லை. வெளுத்திருந்தது.

"நாளைலேருந்து வர வேண்டாம் மைனி. நான் அந்த அம்மாகிட்ட சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

"பாதித் தையல் கெடக்குல்லா."

"வேற யாராவது தைப்பாக."

"வேற எவளாவது தச்சா எனக்கு ஆறாதுட்டி" என்றாள். வீட்டில் தம்பியிடம் சொல்ல வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டாள்.

அந்த வேலை முடிய இன்னும் சில வாரம் ஆனது. கடைசி நாளில் அவள் சூப்பர்வைசரிடம் போய் விமானத்தின் உள்ளே பார்க்கலாமா என்று கேட்டாள். சின்ன ஏணி வைத்துக் கூட்டிப் போனார். நானும் பின்னால் ஏறினேன். உள்ளே தரை மேட்டு நிலம் போல மூக்கை நோக்கி ஏறிக்கொண்டே போனது. சரக்கு இருந்த இடத்தில், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பயணிகள் உட்காரும் நாற்காலிகளைப் போட்டு, நீல உறை மாட்டியிருந்தார்கள். மைனி ஒவ்வொரு நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு நடந்து, நடுவில் நின்றாள். "அந்த மெக்கானிக் எங்கே நின்றார்?" என்று கேட்டாள்.

பழுதுபார்க்கும்போது தகடு நசுங்கியிருந்த ஓர் இடத்தை அவர் பின்பக்கம் காட்டினார். எதற்குக் கேட்கிறாய் பாயி என்றார்.

"மேரா ஆத்மி" என்றாள். என் வீட்டுக்காரர்.

சூப்பர்வைசர் பக்கத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு டீ கொண்டுவந்து தான் சொன்ன வார்த்தைகளெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மைனி அவர் காட்டிய இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நாங்கள் இறங்கி வெளியே நின்றோம். அவளாக இறங்கி வந்தாள்.

திறப்புவிழாவுக்கு எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். சாமியானா, நாற்காலி, மாலை எல்லாம் இருந்தது. விமானத்துக்கு முன்னால் ஒரு பெரிய அறிவிப்புப் பலகை வைத்திருந்தார்கள். எனக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். பக்கத்தில் நின்ற ஒரு காலேஜ் பெண்ணிடம் கேட்டோம். அவள் வாசித்து இந்தியில் சொன்னாள். எந்த எந்த ஊருக்கெல்லாம் பறந்தது, எவ்வளவு பாரம் சுமந்தது, எஞ்சினின் சக்தி எவ்வளவு, நீண்ட காலம் நாட்டுக்கு உழைத்து இப்போது ஓய்வெடுக்கிறது.

"விழுந்தது போட்டிருக்கா?" என்று மைனி கேட்டாள். அந்தப் பெண் மறுபடி மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, இல்லை என்றாள்.

கூட்டம் கலைந்ததும் மைனி நேராகச் செயலாளரிடம் போனாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அவர் எங்களைத் தைக்கிற பெண்கள் என்று மட்டும் அறிந்தவர். அவள் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முதலில் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். மைனி உட்காரவில்லை.

"ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்க சார். இதுல ஒரு மெக்கானிக் செத்தாருன்னு. பேருகூட வேண்டாம்."

"இத பாரும்மா, கொழந்தைகள் வர எடம். சாவு கீவுன்னு எழுதி வெச்சா நன்னாவா இருக்கும்? அதுவும் என்கொயரில என்ன வந்ததுன்னு ஒனக்கே தெரியும். எழுதினா அதையும்னா எழுதணும்? அது ஒனக்குத்தான் அசிங்கம்."

"தப்பு அவுக மேலன்னே இருக்கட்டும் சார். செத்தது நெசந்தான?"

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். யாரோ கூப்பிடவும் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைனி குளித்துத் தலைமுடிந்து, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். விமானத்தின் வால் பக்கம் போய் நின்றாள். பார்க்க வந்த ஒரு குடும்பத்திடம், "இஸ்மே மேரா ஆத்மி மர் கயா" என்றாள். இதில்தான் என் வீட்டுக்காரர் செத்தார். அவ்வளவுதான். அழவில்லை, கையை நீட்டவில்லை. சொல்லிவிட்டு அடுத்தவர்களைப் பார்த்தாள். அந்தக் குடும்பத்துத் தகப்பன் பிள்ளைகளை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். ஒரு கிழவர் நின்று எப்போது, எப்படி என்று விசாரித்தார். ஒரு பெண் பிச்சை என்று நினைத்துக் காசு கொடுக்க வந்து, வெட்கப்பட்டுப் பையை மூடினாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளலாமா என்றிருந்தது. ஆனால் அவளைத் தனியே விடவும் மனம் வரவில்லை.

அவள் ஒவ்வொரு ஞாயிறும் போனாள். மாட்டுங்கா வீட்டு அம்மா எனக்குத் துணி கொடுப்பதை நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரருக்கு விஷயம் அப்போதுதான் தெரிந்தது.

"எக்கா, ஒனக்குப் பித்துப் புடிச்சிருக்கா? ஊரு கெடக்க கெடைல அங்க போயி நின்னு என்ன பேசுத?"

"நடந்ததப் பேசுதேன்."

"அத்தான் தப்புப் பண்ணுனாருன்னு ஊரே சொல்லுச்சு. இப்பதான் எல்லாரும் மறந்திருக்கானுவ. நீ போயி ஞாபகப்படுத்தப் போறியாக்கும்? நாளைக்கு எவனாவது அடிச்சா யாரு கேப்பா?"

"நீ கேக்க மாட்டியால?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. தென்னாட்டுக்காரர்கள்தான் உள்ளூர்க்காரர்களின் வேலையைப் பிடுங்குகிறார்கள் என்று பம்பாயில் கூச்சல் கிளம்பியிருந்த காலம். மாட்டுங்காவில் ஓட்டல்கள் பாதிக் கதவைச் சாத்தியே வைத்திருந்தன. எங்கள் ஆட்கள் சிலர் பஸ்ஸில் தமிழ் பேசுவதை விட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் வேட்டி கட்டி வெளியே போவதையே நிறுத்தியிருந்தார்.

அவர் பயந்தது நடந்தது. ஒரு ஞாயிறு கொட்டகை வாசலில் இளைஞர்கள் சிலர் நின்றிருந்தார்கள். மைனி உள்ளே நுழையும்போது, நான் அவளிடம் தமிழில் ஏதோ சொன்னேன். அது காதில் விழுந்து, "ஏய் மதராசி, உன் ஊருக்குப் போ" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் அவள் குடையைப் பிடுங்கினான். மைனி விடவில்லை. இழுத்த இழுப்பில் சரளைக் கல்லில் குப்புற விழுந்தாள். கை மணிக்கட்டு மடங்கிவிட்டது. நான் கத்தினேன். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து சூப்பர்வைசர் ஓடி வந்தார். அந்தப் பையன்களிடம் மராத்தியில் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு முழுக்கப் புரியவில்லை. அவர்கள் முனகிக்கொண்டே நகர்ந்தார்கள். குடையை ஒருவன் சாக்கடையில் எறிந்துவிட்டுப் போனான்.

உள்ளே கூட்டிப் போய், தண்ணீர் கொடுத்து, தையலுக்கு மிஞ்சிய விமானத் துணியைக் கிழித்து அவரே மணிக்கட்டில் கட்டுப் போட்டார். "இனிமேல் நீ சொல்ல வேண்டாம் பாயி. ஞாயிற்றுக்கிழமை எஞ்சினை விளக்கிச் சொல்வது நான்தானே? நான் சொல்கிறேன். என் வாயால் மராத்தியில் சொன்னால் யாரும் கல் எறிய மாட்டார்கள்" என்றார். செயலாளர் திட்டுவாரே என்றேன். திட்டட்டும், எனக்கு இனி என்ன பதவி உயர்வா வரப்போகிறது என்று சிரித்தார்.

கை வீங்கியிருந்தபோதே அடுத்த ஞாயிறு மைனி கிளம்பிவிட்டாள். அன்றைக்கு நல்ல கூட்டம். சூப்பர்வைசர் எஞ்சினுக்கு முன்னால் நின்று சிலிண்டர்களைக் குச்சியால் காட்டி விளக்கினார். காத்தாடியைக் கையால் மெதுவாகச் சுற்றிக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த விமானம் ஒருமுறை விழுந்தது, அதில் ஒரு மெக்கானிக் உயிரை விட்டான், அவன் மனைவிதான் அந்த வால் துணியைத் தைத்தவள் என்றார். சிலர் வால் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் அதோடு நிறுத்தவில்லை. ஒரு சின்ன மூடி, அவன் அதைச் சரியாகப் பூட்ட மறந்தான், ஒரு மனிதனின் கவனக்குறைவு என்ன செய்யும் பாருங்கள், இந்த வேலையில் மறதிக்கு இடமில்லை என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார். நல்ல எண்ணத்தில், புத்தி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். மைனிக்கு மராத்தி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அது புரிந்தது. மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று பாயை விரித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தப்பு அவுக மேலன்னே இருக்கட்டும்னு நாந்தான சொன்னேன்" என்றாள். "சொல்லும்போது லேசா இருந்துச்சுட்டி. கேக்க முடியல."

அந்த வாரம் முழுக்க அவள் தைக்கவில்லை. கை வலி என்று சொன்னாள். ஞாயிறு வந்தது. போக மாட்டாள் என்று நினைத்தேன். போனாள். கூட்டம் சேர்வதற்கு முன்னால் சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். அவளுடைய இந்தியில் கேட்டாள். "நீங்கள் அன்றைக்கு அங்கே இருந்தீர்களா?"

இல்லை என்றார் அவர்.

"அவர் மூடியைப் பூட்டாமல் விட்டதைப் பார்த்தவர் யாரையாவது தெரியுமா?"

"இல்லை பாயி. விசாரணையில் அப்படி வந்தது."

"அப்படியென்றால் அப்படிச் சொல்லுங்கள். விசாரணையில் சொன்னார்கள் என்று சொல்லுங்கள். அவன் மறந்தான் என்று சொல்லாதீர்கள். நீங்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பார்த்தவர் இல்லை."

அவர் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். கோபப்படுவார் என்று நான் பயந்தேன். கடைசியில் தலையை ஆட்டினார். அன்று முதல் அவர் சொல்லும்போது அந்த இடத்தில் 'என்று சொல்கிறார்கள்' வந்தது. மைனி அதை இரண்டு மூன்று வாரம் நின்று கேட்டாள். பிறகு போவதை விட்டுவிட்டாள். அறிவிப்புப் பலகையில் புதிதாக எதுவும் எழுதவில்லை. செயலாளர் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து சூப்பர்வைசரை நான் சயான் மார்க்கெட்டில் பார்த்தேன். "உன் ஆத்மி வந்திருந்தார். பின்னால் நின்று முழுக்கக் கேட்டுவிட்டுப் போனார். பெயர் சொல்லவில்லை, ஆனால் முகம் அக்கா ஜாடை" என்றார். என் வீட்டுக்காரர் வீட்டில் வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அக்காவும் தம்பியும் அந்தச் சண்டைக்குப் பிறகு ஒரே அறையில், தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டு இருந்தார்கள். சோறு போடட்டுமா, போடு. விளக்கை அணைக்கட்டுமா, அணை. நடுவில் நான்.

அறுபதுகள் முடிகிற சமயத்தில் சூப்பர்வைசர் உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டார். அவருக்குப் பின் வந்த பையன் எஞ்சினின் சக்தியைப் பற்றி மட்டும் சொல்கிறான் என்று கேள்விப்பட்டேன். மைனியிடம் அதைச் சொன்னேன். "அவன் என்னத்தக் கண்டான்" என்றாள்.

தாணேயில் கூடாரத் துணி தைக்கிற தொழிற்சாலை ஒன்றில் பெண்களுக்கு வேலை இருந்தது. மைனி விசாரித்து, போய்ப் பார்த்து, அங்கேயே இரண்டு தமிழ்ப் பெண்களோடு சேர்ந்து ஓர் அறையும் பார்த்துவிட்டு வந்து எங்களிடம் சொன்னாள். நான் அழுதேன். அவள் போகிற அன்றைக்கு என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு சயான் ஸ்டேஷனுக்கு வந்தார்.

பிளாட்பாரத்தில் பெட்டியை இறக்கி வைத்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, "எக்கா, அத்தான் அந்த மூடியப் பூட்டியிருப்பாருன்னுதான் நான் நெனைக்கேன்" என்றார்.

மைனி அவர் பக்கம் திரும்பினாள்.

"நமக்குத் தெரியாதுல தம்பி" என்றாள்.

வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் நல்ல நெரிசல். அவள் ஏறி, இரண்டு பேருக்கு நடுவில் இடம் பிடித்தாள். நான் டிரங்குப் பெட்டியை உள்ளே தள்ளிக் கொடுத்தேன். தீபாவளிக்கு வருகிறேன் என்று உள்ளேயிருந்து சொன்னாள். தீபாவளிக்கு வந்தாள். வரும்போதெல்லாம் தம்பிக்குப் பிடித்த பலகாரம் எதையாவது செய்துகொண்டு வருவாள். அவர் சாப்பிடுவார். பேச்சு மட்டும் பழையபடி ஆகவில்லை.